மேகமலையும் தேரிக்காடும்: இரண்டு பேராகக் காரில் கிளம்புவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரைக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. மேற்கே நூறு கிலோமீட்டர் போனால் சின்னமனூர், அதற்கு மேலே மேகமலை. தெற்கே நூற்றெழுபது, நூற்றெண்பது கிலோமீட்டர் போனால் திருச்செந்தூர் பக்கத்துத் தேரிக்காடு. ராஜஸ்தான் வரை போகாமலே செம்மணல் மேடுகளைப் பார்த்துவிடலாம். புதிதாகக் கல்யாணமானவர்களும், பிள்ளைகளை ஹாஸ்டலில் விட்டபின் மறுபடி இரண்டு பேராகக் கிளம்புகிறவர்களும் இவை இரண்டையும் ஒரே பயணத்தில் சேர்க்கப் பார்க்கிறார்கள். நல்ல யோசனைதான். அது கெடுவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: கிலோமீட்டரை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். இங்கே சூரியனை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். மலைப்பாதையை வெளிச்சம் போவதற்குள் முடித்துவிட வேண்டும். தேரியை விட்டு வெயில் ஏறுவதற்குள் வெளியே வந்துவிட வேண்டும். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்.

மதுரையிலிருந்து தேனிக்கு 75 கிலோமீட்டர் சுமார். உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய் வழியாக ஒன்றரை மணி, இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். அந்த வேகத்திலேயே சின்னமனூரிலிருந்து மேகமலையின் மேலே இருக்கும் ஹைவேவிஸ் என்ற ஊர் வரையிலான 40 கிலோமீட்டரையும் முக்கால் மணி நேரம் என்று எழுதிக்கொள்வது முதல் தவறு. தென்பழனி சோதனைச் சாவடி தாண்டியதும் ஏற்றம் தொடங்கிவிடும். மொத்தம் 18 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர். நின்று பார்க்கிற இடங்களையும் சேர்த்தால் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. 2021-லிருந்து இது ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதி. மாலை 6 மணிக்குப் பிறகு சாவடியில் வண்டியை மேலே விடமாட்டார்கள். நாலரை மணிக்குச் சின்னமனூரில் டீ குடித்துக்கொண்டே "போயிரலாம்" என்பவர்கள் இருட்டில் யானை நடமாடும் பாதையில் ஓட்ட வேண்டியிருக்கும், இல்லையென்றால் கீழேயே ரூம் தேட வேண்டியிருக்கும்.

நேரத்தைத் தின்பது ரோடு மட்டுமில்லை, சொந்தக்காரர்களும்தான். "போற வழியில தேனியில சித்தி வீட்டுக்கு ஒரு எட்டுப் போயிட்டுப் போயிருவோம்" என்பது சாதாரணமாகத்தான் தொடங்கும். போனால் காபி வரும், காபிக்குப் பின் டிபன் வரும், டிபனுக்குப் பின் "சாப்பிடாமப் போனா எப்படி?" வரும். ஒரு எட்டு என்பது இரண்டு மணி நேரம். சித்தியைப் பார்க்க வேண்டும் என்றால் இறங்கி வரும்போது பாருங்கள். அப்போது யாரும் சூரியனோடு போட்டி போட வேண்டியதில்லை.

இன்னொரு குழப்பம் இ-பாஸ், அதாவது ஆன்லைனில் எடுக்கும் அனுமதிச் சீட்டு. உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே மாதம் முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் இ-பாஸ் வந்தது. கொடைக்கானலுக்கு எடுத்த பாஸை மேகமலைச் சாவடியில் நீட்டிப் பயனில்லை. அங்கே வனத்துறைப் பதிவு தனி. திட்டத்தை மாற்றிக் கொடைக்கானல் போவதென்றால் வத்தலக்குண்டில் வந்து போனைத் தட்டாமல் வீட்டிலேயே எடுத்துவிடுங்கள். அங்கே சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கும் தடை இருக்கிறது. எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோவது நல்லது. மேகமலை போகிறவர்கள் சின்னமனூரிலேயே டேங்க்கை நிரப்பி, மேப்பையும் போனில் இறக்கிக்கொள்ள வேண்டும். மேலே பல இடங்களில் சிக்னல் கிடைக்காது.

ஏறும்போது எல்லோரும் கவனமாகத்தான் ஓட்டுகிறார்கள். ஆபத்து இறக்கத்தில். மலையடிவாரத்தில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கொஞ்ச நேரம் நின்றால் ஒரு காட்சி தவறாமல் கிடைக்கும். கார் ஓரமாக நிற்கும், முன்சக்கரத்திலிருந்து லேசாகப் புகை வரும், கருகிய நாற்றம் மூக்கில் ஏறும். கணவர் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார். மனைவி பாட்டிலைத் திறந்தபடி, "என்னங்க, தண்ணிய ஊத்திரவா?" என்பார். ஊற்றக் கூடாது. கொதிக்கிற பிரேக் டிஸ்க்கில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் அது வளையலாம், விரிசலும் விடலாம். இருபது நிமிஷம், அரை மணி நேரம் சும்மா நிறுத்தி வைத்தாலே ஆறிவிடும். அந்த நேரத்தில் ஹேண்ட்பிரேக்கையும் இறுக்கிப் பிடிக்காமல், சமதளமாகப் பார்த்துக் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்துவிடலாம்.

அந்த நிலைமை வருவது ஏன்? பதினெட்டு வளைவையும் டாப் கியரில், பிரேக்கை மிதித்தபடியே இறங்குவதால். சூடு ஏற ஏறப் பிரேக்கின் பிடிப்பு குறைகிறது. பிரேக் ஆயில் கொதித்துவிட்டால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள் என்று பழைய பஸ் டிரைவர்கள் சொல்வது இன்றைய கார்களுக்கும் பொருந்தும். இரண்டாவது கியரில் விட்டால் இன்ஜினே வண்டியை வேகம் எடுக்காமல் பிடித்து வைக்கும். பிரேக்கை வளைவுக்கு முன்னால் மட்டும் தொட்டால் போதும். ஆட்டோமேட்டிக் காரில் கியரை டி-யிலேயே (டிரைவ்) விட்டுவிட்டு இறங்குகிறவர்கள் நிறைய. எல் (லோ கியர்) அல்லது மேனுவல் எதற்கு இருக்கிறது என்று கிளம்புவதற்கு முன்னாலேயே பார்த்துப் பழகிக்கொள்ள வேண்டும். பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் உருட்டுவதும், இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குவதும் பைத்தியக்காரத்தனம். இன்ஜின் நின்றால் பிரேக்குக்குக் கிடைக்கிற வேக்குவம் உதவியும் நிற்கும், ஸ்டியரிங்கும் கல்லாக இறுகும்.

ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. அது பலருக்குத் தெரிவதே இல்லை. எதிரே எஸ்டேட் பஸ் வந்தால் வளைவுக்கு முன்னாலேயே ஒதுங்கி நின்றுவிடுங்கள். அதற்கு முழு வளைவும் வேண்டும்.

இறங்கின அன்றைக்கே நேராகத் தேரிக்கு விடுவது அடுத்த தவறு. மேப்பில் ஒரு வட்டமாகப் பார்க்க அழகாகத்தான் இருக்கும். சின்னமனூரிலிருந்து விருதுநகர், கோவில்பட்டி வழியாகத் தேரிக்குப் போக 250 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். மலையில் தோளும் காலும் அசந்த பிறகு நான்குவழிச் சாலையில் நேராகப் போவதுதான் தூக்கத்தைக் கூட்டிவரும். நடுவில் விருதுநகர் எண்ணெய் புரோட்டாவும் உள்ளே போய்விட்டால் கேட்கவே வேண்டாம். மதுரைக்காரர்களுக்கு வீடு நடுவில் இருக்கிறது. ஒரு ராத்திரி வந்து சொந்தக் கட்டிலில் படுத்து, ஸ்வெட்டரை எடுத்து வைத்துவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பலாம். இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. தேரியைக் காலையில் பார்க்க வேண்டும் என்றால் முதல் நாள் மத்தியானம் கிளம்பித் திருச்செந்தூரில் தங்குவது சரி. ஆனால் சஷ்டி, விசாகம், குலசை தசரா நாட்களில் அந்தப் பக்கம் ரூமும் கிடைக்காது, ரோடும் கிடைக்காது.

தேரி மணல் சிவப்பாக இருப்பதற்கு அதன் மேல் படிந்திருக்கும் இரும்பு ஆக்சைடு காரணம். காலை ஏழு மணிக்கு அது குளிர்ந்து, கால் வைத்தால் மெத்தென்று இருக்கும். பதினொரு மணிக்கு வெறுங்காலை வைக்க முடியாது. செருப்பு போட்டால் மணல் உள்ளே புகுந்து சுடும். கணுக்கால் மூடின ஷூதான் சரி. உடை மரத்து முள்ளுக்கும் அதுவே பாதுகாப்பு.

காரை மணலுக்குள் விடுவதுதான் இங்கே நடக்கிற பெரிய தவறு. போட்டோவில் செம்மேட்டுக்கு முன்னால் கார் நின்றால் அழகு என்று நினைத்து, மேப்பில் கோடு தெரிகிறதே என்று திருப்புகிறார்கள். அந்தக் கோடு மாட்டுவண்டித் தடமாகவும் இருக்கலாம். பத்தடி போனதும் முன்சக்கரம் சுற்றும், வண்டி நகராது. அப்போது ஆக்சிலேட்டரை மிதித்தால் சக்கரம் தனக்குத்தானே குழி பறித்துக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் வண்டியின் அடிவயிறு மணலில் உட்கார்ந்துவிடும், பிறகு டிராக்டர்தான். சிக்கியதும் காலை எடுத்துவிடுங்கள். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கையால் மணலை வாரி, காய்ந்த பனையோலையோ மட்டையோ கிடந்தால் அடியில் திணித்து, வந்த தடத்திலேயே மெதுவாகப் பின்னால் எடுக்க வேண்டும். டயரில் காற்றைக் குறைத்தால் மணலில் ஓடும் என்பது உண்மைதான், திருப்பி நிரப்பக் கையில் பம்ப் இருந்தால். நம் மாதிரி சின்னக் காரில் போகிறவர்கள் உள்ளேயே போக வேண்டாம். தேரிக்குடியிருப்பில் கற்குவேல் அய்யனார் கோவில் வரை தார் ரோடு இருக்கிறது. அங்கே நிறுத்திவிட்டு நடந்து போய் வரலாம். கார்த்திகைக் கடைசியில் அங்கே கள்ளர் வெட்டுத் திருவிழா நடக்கும், அன்றைக்குப் போனால் கூட்டத்துக்காகத்தான் போக வேண்டும்.

நடக்கும்போது எந்தத் திசையில் போகிறோம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மேடு தாண்டினால் எல்லா மேடும் ஒரே மாதிரி இருக்கும். பனையும் முந்திரியும் அடையாளத்துக்கு உதவாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் அதிகம் போலத் தோன்றும். திரும்பி வரும்போது மிச்சம் இருக்காது. பங்குனி, சித்திரையில் போகிறவர்கள் உடன்குடிப் பக்கம் காலையிலேயே பதநீர் குடித்துவிடலாம். மத்தியானத்துக்கு வைத்திருந்தால் அது வேறு பானமாகிவிடும்.

மாதத் தேர்விலும் சிலர் சறுக்குவார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குக் காற்று மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் குறைந்து நம் பக்கம் வருகிறது. மேகமலையில் சாரலும் பனிமூட்டமும் அந்த மிச்ச ஈரத்தால்தான். தேரியில் மணலை வாரி முகத்தில் அடிப்பதும் அதே காற்றுதான். அந்த மாதங்களில் மலை மட்டும் போதும். ஐப்பசி, கார்த்திகையில் மலைப்பாதையில் மண் சரிவு பயம். இரண்டையும் சேர்த்துப் பார்க்கப் பொங்கல் கூட்டம் வடிந்த பிறகு மாசி வரைக்கும் நல்ல காலம்.

வண்டிக்குள்ளே இருக்கும் இரண்டு பேருக்கும் சில வார்த்தைகள். ஓட்டத் தெரிந்த இரண்டாவது ஆளைச் சமவெளியிலாவது ஓட்ட விடுங்கள். "ஒனக்கு ஹைவே பழக்கமில்ல" என்று சொல்லிச் சொல்லியே பழக்கமில்லாமல் ஆக்கிவிடுகிறார்கள். வளைவில் குமட்டல் வருகிறவர் முன்சீட்டில் உட்கார்ந்து ரோட்டைப் பார்க்க வேண்டும். போனைப் பார்த்தால் கூடும். வாந்தி மாத்திரை தூக்கம் வரவழைக்கும், ஓட்டுகிறவர் அதைத் தொடக்கூடாது. ஏறுவதற்கு முன் நாலு இட்லி போதும்.

வீடு வந்ததும் ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டிப் பாருங்கள், செம்மண் தூள் கொட்டும். அடுத்த சர்வீஸ் வரை காத்திருக்காமல் பிரேக் பேடையும் ஆயிலையும் பார்க்கச் சொல்லிவிடுங்கள். முள் ஏறிய டியூப்லெஸ் டயர் ரெண்டு நாள் கழித்துத்தான் காற்று இறங்கிக் காட்டும், அதனால் ஸ்டெப்னியை அதுவரைக்கும் இறக்கி வைக்க வேண்டாம்.