பேனருக்கு முன்னால் பஸ்: ஊர்ப் பிள்ளைகள் நடத்தும் சீண்டல் எதிர்ப்பு இயக்கம்

மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்து ஊர்களில் பள்ளிப் பிள்ளைகளிடையே நடக்கும் சீண்டலுக்கு (கேலி, மிரட்டல், அடி) எதிராக இளைஞர்கள் சேர்ந்து ஓர் இயக்கம் தொடங்கினால் முதலில் கையில் எடுப்பது பேனர்தான். அதைக் கடைசிக்கு வையுங்கள். பெரியவர்கள் கண் படாத இடத்தில்தான் சீண்டல் நடக்கும். காலை டவுன் பஸ்ஸின் பின்சீட், கழிப்பறைப் பக்கம், டியூஷன் சந்து, இன்ஸ்டாகிராம் குரூப். அந்த இடத்தையும் நேரத்தையும் கண்டுபிடிப்பதே முதல் வேலை.

குழுவுக்கு எட்டுப் பத்துப் பேர் போதும். பிளஸ் ஒன் முதல் கல்லூரி வரை படிப்பவர்கள், பாதிப் பேர் பெண்கள். எல்லாத் தெருவிலிருந்தும் காலனியிலிருந்தும் ஆள் கட்டாயம் வேண்டும். ஒரே தெருக்காரர்களாக இருந்தால் மற்றத் தெருப் பிள்ளைகள் வாய் திறக்க மாட்டார்கள்.

தலைமையாசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, அரைத் தாளில் ஐந்து கேள்வி அச்சடியுங்கள்: எங்கே, எப்போது, என்ன மாதிரி, பார்த்தவர்கள் என்ன செய்தார்கள், யாரிடமாவது சொன்னாயா. பதிலெல்லாம் டிக் மட்டும். எழுதச் சொன்னால் கையெழுத்தை வைத்தே ஆளைப் பிடித்துவிடுவார்கள். ஒன்றும் நடக்காதவர்களும் டிக் போட்டு மடித்துப் பெட்டியில் போட வேண்டும். இல்லையென்றால் தாள் போட்டவன்தான் மாட்டுவான். (பள்ளிகளில் புகார் போட வைக்கும் 'மாணவர் மனசு' பெட்டியைத் தலைமையாசிரியர் அறை வாசலில் மாட்டினால் காலியாகவே கிடப்பதும் இதனால்தான்.) பிறகு சார்ட் தாளில் ஊரையும் பஸ் ரூட்டையும் வரைந்து, ஒரு டிக்குக்கு ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டுங்கள். பொட்டு குவிகிற இரண்டு இடங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பஸ் என்றால், கண்டக்டரிடம் பேசி ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை முன்பக்கம் ஏற்றச் சொல்லலாம். குழுவில் இருவர் ஒரு மாதம் பின்சீட்டில் போகட்டும். சண்டைக்குப் போகக் கூடாது. சீண்டலுக்கு ஆளாகும் பையன் பக்கத்தில் போய் உட்கார்ந்து வேறு பேச்சை எடுத்தாலே பாதி அடங்கிவிடும், ஏனென்றால் சீண்டுகிறவனுக்கு வேண்டியது சுற்றி இருப்பவர்களின் சிரிப்பு. வேடிக்கை பார்க்கிறவர்களுக்கும் இதையே பழக்குங்கள்: சிரிக்காதே, "வாடா, சார் கூப்பிடுறாரு" என்று இழுத்துக்கொண்டு போ, பிறகு நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் சொல்.

தெரு நாடகம் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பட்டப்பெயரை வைத்துச் சிரிப்புக் காட்டினால் மறுநாள் பள்ளியில் அதே பெயர் ஓடும். நிஜமாகப் பாதிக்கப்பட்ட பிள்ளையை மேடையேற்றவே கூடாது. கதை, பார்த்துக்கொண்டிருந்தவன் என்ன செய்தான் என்பதைப் பற்றியதாக இருக்கட்டும்.

அடுத்த பெரிய தவறு, இருவரையும் நிறுத்திக் கைகுலுக்க வைக்கிற பஞ்சாயத்து. பலம் சமமில்லாத இடத்தில் சமாதானம் என்பது அடி வாங்கியவனை வாயடைப்பதுதான். தனித்தனியாகப் பேசுங்கள்.

சாதியைத் தொடாமல் நழுவவும் முடியாது. 2023-இல் நாங்குநேரியில் தலித் மாணவன் ஒருவனைச் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024-இல் தந்த அறிக்கை, மாணவர்கள் சாதி அடையாளமாகக் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளையே தடை செய்யச் சொன்னது. கயிறு, சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது இரண்டும் உங்கள் டிக் தாளில் இருக்க வேண்டும்.

சில விஷயங்கள் உங்கள் கைக்கு மீறியவை. பாலியல் சீண்டல் என்று தெரிந்தால் விசாரிக்காதீர்கள், திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள், உடனே குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிடுங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி, பதினெட்டு வயது நிறைந்தவர்கள் தெரிந்தும் சொல்லாமல் இருப்பது குற்றம். போட்டோ, வீடியோ பரவினால் மற்றவர்களுக்கு அனுப்பாமல், அக்கவுண்ட் பெயரையும் லிங்க்கையும் குறித்துக்கொண்டு சைபர் கிரைம் போலீசில் புகார் கொடுக்க வேண்டும்.

ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளில் ஒரு தீர்மானம் கேளுங்கள்: டியூஷன் சந்துக்குத் தெருவிளக்கு, கழிப்பறைக்குத் தாழ்ப்பாள். மனுவைச் சில நாள் முன்பே ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்துவிடுவது நல்லது.

மூன்று மாதம் கழித்து அதே தாளை மறுபடி கொடுக்கும்போது எண்ணிக்கை கூடியும் வரலாம். பிள்ளைகள் இப்போதுதான் சொல்லத் துணிந்திருப்பார்கள். தலைமையாசிரியரிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இல்லையென்றால் பள்ளிக்குக் கெட்ட பெயர் என்று இயக்கத்தையே நிறுத்திவிடுவார்.