இடுப்பு பிடிச்சுக்கிட்டா நம்ம பக்கம் பண்ற தப்புகள்

இடுப்பு பிடிச்சுக்கிச்சுன்னு சொன்னா காரைக்குடி, தேவகோட்டை பக்கம் எந்த வீட்டுலயும் வர்ற மொத பேச்சு "பேசாம படு, அசையாத" தான். பாசத்துல சொல்றதுதான், ஆனா சாதாரண முதுகுவலி மாசக்கணக்குல இழுக்கிறதுக்கு இது ஒரு பெரிய காரணம். வலி தாங்க முடியலன்னா ஒரு நாள், மிஞ்சிப்போனா ரெண்டு நாள் படுங்க, அதுக்கு மேல படுத்தா முதுகைத் தாங்குற தசை தளர்ந்து, உடம்பு விறைச்சு, கடைசியில எந்திரிக்கவே பயம் வந்துடும், பயந்து பயந்து அசையுறவங்களுக்கு வலி கூடத்தான் செய்யும். திடீர்னு வர்ற இடுப்பு வலி பெரும்பாலானவங்களுக்கு 4 முதல் 6 வாரத்துக்குள்ள நல்லாவே குறைஞ்சிடும். அதுவரைக்கும் வளவை, அதாவது வீட்டு உள்முற்றத்தைச் சுத்தி நாலு நடை நடங்க, முடிஞ்ச வேலையைப் பாருங்க, லேசா வலிச்சா உள்ள ஏதோ உடையுதுன்னு அர்த்தம் இல்ல.

அடுத்தது, மெத்தையை எடுத்துட்டு வெறும் ஆத்தங்குடி கல்லு பதிச்ச தரையில படுக்கிறது. 2003ல ஸ்பெயின்ல ரொம்ப நாள் இடுப்பு வலி இருந்தவங்களை வச்சு ஆய்வு பண்ணப்ப, ரொம்ப கெட்டியான மெத்தையை விட நடுத்தர கெட்டி மெத்தையில படுத்தவங்களுக்குத்தான் வலி நல்லா குறைஞ்சுது. தரையில படுத்து பழகி சுகமா இருந்தா படுங்க, வைத்தியம்னு நினைச்சு பல்லைக் கடிச்சுக்கிட்டு படுக்காதீங்க, வயசானவங்களுக்கு தரையில இருந்து எந்திரிக்கிறதே பெரும்பாடு. ஒருக்களிச்சுப் படுத்து முழங்காலுக்கு நடுவுல தலகாணி வச்சா பல பேருக்கு சுகமா இருக்கும், எந்திரிக்கும்போது ஒரு பக்கமா திரும்பி கையை ஊனி எந்திரிங்க.

கால் முன்னாடி வெளிய வந்து பொறந்தவங்களை கூப்பிட்டு முதுகை மிதிக்க விடுறது இன்னும் இருக்கு. தயவுசெஞ்சு வேணாம். அப்பத்தா, ஆயா வயசுல எலும்பு தேஞ்சு போயிருக்கும், மிதிச்சா முதுகெலும்பே நொறுங்கலாம். வெந்நீர் ஒத்தடம் குடுங்க, எண்ணெய் போட்டு மெதுவா தடவுங்க, அது போதும்.

ஸ்கேன் விஷயத்தை கொஞ்சம் விவரமா சொல்லணும், ஏன்னா இதுல காசும் போகுது நிம்மதியும் போகுது. வலி வந்த மறுநாளே மதுரைக்கோ திருச்சிக்கோ போய் எம்ஆர்ஐ எடுத்து, ரிப்போர்ட்ல "டிஸ்க் பல்ஜ்"னு (முதுகெலும்புகளுக்கு நடுவுல இருக்கிற மெத்து மாதிரி வட்டு லேசா பிதுங்குறது) பாத்ததும் முதுகே போச்சுன்னு உக்காந்துடுறாங்க. முதுகுவலியே இல்லாத ஆளுங்களோட ஸ்கேன்களை எல்லாம் சேர்த்துப் பாத்த 2015 ஆய்வு ஒன்னு இருக்கு, அதுல 50 வயசுக்காரங்கள்ல 60 சதவீதம் பேருக்கு டிஸ்க் பல்ஜ் இருந்துச்சு, 80 வயசுல டிஸ்க் தேய்மானம் 96 சதவீதம். நரைமுடி மாதிரி வயசோட வர்ற விஷயம் அது. காலு மரத்துப்போகுது, பலம் குறையுதுன்னு டாக்டர் பரிசோதிச்சு சொன்னா எடுங்க.

மெடிக்கல்ல "முதுகுவலிக்கு ஒரு செட்டு குடுங்கண்ணே"ன்னு பேர் தெரியாத மாத்திரையை வாங்கி முழுங்காதீங்க. டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரையை வாரக்கணக்கா போட்டா வயித்துல புண்ணு, கிட்னி பாதிப்பு வரலாம், சுகர், பிரஷர் உள்ளவங்களுக்கு ஆபத்து இன்னும் கூட. பாராசிட்டமாலாவது கேக்குமான்னா, 2014ல ஆஸ்திரேலியாவுல பெருசா சோதிச்சுப் பாத்து, திடீர் இடுப்பு வலியை அது சீக்கிரம் ஆத்தலன்னு சொல்லிட்டாங்க. பெல்ட்டும் அப்படித்தான், நாள்பட்ட இடுப்பு வலிக்கு வழக்கமா குடுக்க வேணாம்னு உலக சுகாதார நிறுவனமே 2023ல சொல்லியிருக்கு.

நம்ம ஊர் வேலையே முதுகைக் கேக்குற வேலைதான். கல்யாண வீட்டுக்கு கைமுறுக்கு சுத்துற ஆச்சிமார் மணிக்கணக்கா தரையில குனிஞ்சே உக்காந்திருப்பாங்க, கொட்டான் (பனை ஓலைக் கூடை) பின்றவங்க, தறியில இருக்கவங்க, ஆத்தங்குடி கல்லு போடுறவங்க எல்லாருக்கும் இதே கதைதான். குனியுறது தப்பில்ல, ஒரே மாதிரி அசையாம இருக்கிறதுதான் தப்பு. அரை மணிக்கு ஒரு தடவை எந்திரிச்சு கை காலை நீட்டி ரெண்டு நடை நடங்க, முறுக்கு எங்கயும் ஓடிடாது. பந்தியில அண்டாவைத் தூக்கிக்கிட்டே இடுப்பைத் திருப்பாதீங்க, உடம்போட ஒட்டிப் பிடிச்சு காலோட திரும்புங்க, ரெண்டு ஆளா தூக்குறது இன்னும் நல்லது. வருஷம் பூரா நடக்காம இருந்துட்டு தைப்பூசத்துக்கு பழனி பாதயாத்திரை கிளம்புறவங்க ஒரு மாசம் ரெண்டு மாசம் முன்னாடியே கொஞ்சம் கொஞ்சமா நடந்து பழகுங்க.

இவ்வளவு நேரம் பயப்படாதீங்கன்னு சொன்னேன், ஆனா எல்லா வலியையும் "வாய்வு பிடிப்பு"ன்னு பூண்டை வறுத்துத் தின்னுட்டு விட்டுடக் கூடாது. விலாவுக்குக் கீழ இருந்து அடிவயித்துக்கு இறங்கி, புரண்டு புரண்டு துடிக்க வைக்கிற வலி கிட்னி கல்லா இருக்கலாம். சாயங்காலம் சாயங்காலம் காய்ச்சல், உடம்பு இளைக்கிறது, ராத்திரி கூட விடாத வலின்னா முதுகெலும்பு காசநோயான்னு பாக்கணும், அதுக்கு அரசு ஆஸ்பத்திரியில மருந்து இலவசம். முக்கியமா, ஒன்னுக்கு போக முடியலன்னாலோ, தெரியாமலே போனாலோ, தொடையிடுக்கு மரத்துட்டாலோ, கால் திடீர்னு பலமில்லாம விழுந்துட்டாலோ நரம்பு நசுங்குதுன்னு அர்த்தம், விடியட்டும்னு இருக்காதீங்க. 108ஐக் கூப்பிட்டு சிவகங்கையோ புதுக்கோட்டையோ எது கிட்டயோ அந்த மெடிக்கல் காலேஜுக்கு அந்த ராத்திரியே போங்க, வெக்கப்படாம கடைசியா எப்ப ஒன்னுக்கு போனீங்கங்கிறதை டாக்டர்கிட்ட மொதல்ல சொல்லுங்க.