ரூமில் நூடுல்ஸ் கிண்டும் நம்மூர் பிள்ளைகளுக்கு

மார்த்தாண்டம், தக்கலை, குளச்சல் பக்கமிருந்து வளைகுடாவுக்குப் புதிதாக வந்து இறங்குகிறவர்களுக்கு சிம் கார்டு, பேங்க் கணக்கு எல்லாம் சொல்லித்தர ரூமில் ஆள் இருக்கும். சாப்பாட்டைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். முதல் சம்பளம் வரும்வரை ராத்திரிக்கு நூடுல்ஸ்தான், அதில் நாலு கீற்று கேரட்டும் கொஞ்சம் கோஸும் அரிந்து போட்டுவிட்டு, காய்கறி போட்டுத்தான் சாப்பிடுகிறேன் என்று வீடியோ காலில் அம்மாவிடம் தட்டைக் காட்டுவோம். நானும் காட்டியவன்தான்.

அந்தப் பாக்கெட்டை ஒருதடவை திருப்பிப் பாருங்கள் மக்களே. 70 கிராம் பாக்கெட் என்றால் பெரும்பாலும் 300 கலோரிக்கு மேல், கொழுப்பு 10 கிராமுக்கு முன்னே பின்னே (எண்ணெயில் பொரித்துத்தான் பாக்கெட்டில் அடைக்கிறார்கள்), புரதம் 6, 7 கிராம், நார்ச்சத்து பேருக்கு. வில்லங்கம் சோடியத்தில் இருக்கிறது. 900 மில்லிகிராம் என்று போட்டிருந்தால் இரண்டரையால் பெருக்குங்கள், 2.25 கிராம் உப்பு. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுக்க 5 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது. பசிக்கு ரெண்டு பாக்கெட் உடைத்தால் அதிலேயே 4.5 போச்சு, மேலே சோயா சாஸ் வேறு. சில பாக்கெட்டில் கணக்கு 100 கிராமுக்கு இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள்.

சரி, விட்டுவிட வேண்டாம், செய்கிற விதத்தை மாற்றினால் போதும். ஒரு பாக்கெட், மசாலா பாதி, காய் மட்டும் நூடுல்ஸைத் தேடிப் பார்க்கிற அளவுக்கு. பட்டாணி, கேரட், பீன்ஸ் கலந்த ஃப்ரோசன் பையை மட்டமாக நினைக்காதீர்கள், பறித்த சூட்டோடு உறைய வைப்பதால் சத்து பெரிதாகப் போவதில்லை. சட்டி நன்றாகக் காய்ந்ததும் கொஞ்சம் எண்ணெயில் மூன்று நான்கு நிமிடம் புரட்டி, கடித்தால் நறுக்கென்று இருக்கும்போதே இறக்குங்கள். தண்ணீரில் வேகவைத்து வடித்தால் வைட்டமின் சி பாதி சிங்கோடு போய்விடும். கேரட்டின் சத்து உடம்பில் சேரவும் அந்தக் கொஞ்சம் எண்ணெய் வேண்டும். அப்புறம் ஒரு முட்டை, 6 கிராம் புரதம். முட்டை வேண்டாதவர்கள், ஊரில் புட்டுக்கு அவிக்கிற அதே சிறுபயறை ஒரு கைப்பிடி அவித்துப் போடுங்கள். மசாலா குறைந்த குறை தெரியாமல் இருக்க நல்லமிளகு, அது எப்படியும் பெட்டியில் இருக்கும்.

மிச்சமாகும் பாதி மசாலாவை அலமாரியில் சேர்த்து வைக்காதீர்கள். நான் வைத்தேன், ரூமில் ஒருத்தன் எல்லாவற்றையும் எடுத்துக் கஞ்சியில் கொட்டிக் குடித்துவிட்டான்.