கீறல் விழுந்த சீடி: பழுதின் வகையைப் பிளேயருக்கு எப்படித் தெரியப்படுத்துவது?

மட்டக்களப்பில் கல்லடி போன்ற கடலோரப் பகுதிகளில் நுண்மணல் வீட்டுக்குள் எங்கும் புகும். உறையில்லாமல் கிடக்கும் சீடிகளைக் கீறுவது பெரும்பாலும் அதுதான். கூத்துப் பதிவு, கோயில் திருவிழாப் பதிவு என்று வேறு பிரதியே இல்லாதவை அவற்றில் இருக்கலாம். ஆகவே தடக்கித் தடக்கிப் பாடும் சீடியை எறிய வேண்டாம். பழுது எந்த வகை என்று முதலில் பாருங்கள்.

முதற்படி, கண்ணால் பிரிப்பது. டோர்ச் வெளிச்சத்தில் சீடியைச் சரித்துப் பாருங்கள். நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடும் கீறலில் ஆபத்து குறைவு. பதிவு சுருளாக எழுதப்பட்டிருக்கும் கோடுதான் தடம்; அதன் போக்கிலேயே வளைந்து ஓடும் கீறல்தான் பொல்லாதது. சீடியின் பிழைதிருத்தம், அதாவது விடுபட்ட தரவை மீட்டெடுக்கும் முறை, தடத்தின் நீளத்தில் ஏறத்தாழ 2.5 மி.மீ. இழப்பைத்தான் சரிசெய்யும். கைரேகையைத் துடைத்துவிடலாம், நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள். எழுத்துள்ள பக்கத்தில் அலுமினியப் படலம் உரிந்திருந்தால் அதற்கு மருந்து இல்லை.

அடுத்தது அளவீடு. பழைய பிளேயர் ஒன்றைத் திறந்து, ஒசிலோஸ்கோப்பின் (மின்சமிக்ஞையை அலையாகத் திரையில் காட்டும் கருவி) ஒரு முனையில் லென்ஸுக்குத் திரும்பி வரும் மொத்த ஒளியின் சமிக்ஞையையும், மறுமுனையில் குவியப் பிழைச் சமிக்ஞையையும் (லென்ஸின் குவியம் சீடியிலிருந்து எவ்வளவு விலகியது என்று காட்டுவது) பாருங்கள். லென்ஸை மட்டும் உற்றுப் பார்க்காதீர்கள். 780 நானோமீட்டர் லேசர் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும்.

சீடி விநாடிக்கு 1.2 முதல் 1.4 மீட்டர் வேகத்தில் கடப்பதால், 1 மி.மீ. பழுது முக்கால் மில்லிவிநாடியளவு நீடிக்கும். ஒளி சட்டென்று விழுந்து சட்டென்று எழுந்தால் கீறல். மெதுவாக, ஆழமில்லாமல் தாழ்ந்தால் கைரேகை. ஏறக்குறைய முழுதாக அற்றுப்போனால் படலம் உரிந்த இடம். எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம், எவ்வளவு செங்குத்து என்ற மூன்றையும் குறித்து வைத்தாலே தொடக்கத்துக்குப் போதும்.

இப்போது முக்கியமான இடம். பிளேயரை யாராவது தட்டினால் லென்ஸ் விரைந்து நகர்ந்து தடத்தைப் பிடிக்க வேண்டும். கீறல் வந்தால் அசையாமல் நிற்க வேண்டும். இரண்டிலும் குவியப் பிழை துள்ளுவதால் பிளேயர் குழம்பிப்போகிறது. ஆனால் தட்டும்போது ஒளி பெரும்பாலும் அப்படி விழாது; ஆகவே ஒளி விழுந்த கணத்தில் பிழைச் சமிக்ஞையை நம்பாமல், லென்ஸுக்குக் கடைசியாகக் கொடுத்த கட்டளையையே பிடித்து வைக்கும்படி, லென்ஸை நகர்த்தும் கட்டுப்பாட்டுக்குச் சொல்லுங்கள். நீண்ட பழுதுக்கு இது போதாது. சீடி சுற்றும்போது மேலும் கீழும் ஆடுவதால் லென்ஸ் விலகிவிடும்.

அதற்கும் வழி உண்டு. பக்கத்துத் தடம் 1.6 மைக்ரோமீட்டர் தள்ளித்தான் இருக்கிறது. அதனால் அடுத்த சுற்றிலும் அதே கீறல், ஏறக்குறைய அதே வடிவில் வரும். போன சுற்றில் பதிந்த வடிவத்தை நினைவில் வைத்து, இந்தச் சுற்றின் பிழைச் சமிக்ஞையிலிருந்து கழித்துவிடுங்கள். மிஞ்சுவது லென்ஸின் உண்மையான விலகல். அதை மட்டும் கட்டுப்பாட்டுக்குக் கொடுங்கள்.

முதலில் ஒரே கீறலுள்ள சீடியில் பழகுங்கள். கைரேகையும் கீறலும் கலந்ததைப் பிறகு எடுக்கலாம். வேறு பிரதி இல்லாத பதிவில் கைவைக்க வேண்டியது எல்லாவற்றுக்கும் கடைசியில்தான்.