நியூ இங்கிலாந்து ஆஸ்டர்: ஊதா நிறத்தை மட்டும் நம்பாதீர்கள்

நியூ இங்கிலாந்து ஆஸ்டர் என்ற இந்த வட அமெரிக்கக் காட்டுப் பூவைப் படம் எடுக்கிறவர்கள் பெரும்பாலும் நேர் மேலிருந்து ஒரே ஒரு படம்தான் எடுக்கிறார்கள். ஊதா விளிம்பு, நடுவில் மஞ்சள், பார்க்க அழகுதான். ஆனால் இனம் காண உதவும் அடையாளம் பூவின் அடியில் இருக்கிறது.

பூவைத் திருப்பிப் பாருங்கள். அடியிலுள்ள குறுகலான பச்சைச் செதில்களிலும் பூக்காம்பிலும் பசை சுரக்கும் நுண்மயிர்கள் இருக்கும். தொட்டால் விரலில் பிசுபிசுக்கும். தண்டு முழுக்க மயிர். இலையின் அடிப்பகுதி காதுபோல் இரண்டு பக்கமும் நீண்டு தண்டைத் தழுவியிருக்கும். இதோடு அடிக்கடி குழப்பிக்கொள்ளும் நியூயார்க் ஆஸ்டரில் அந்தப் பிசுபிசுப்பு கிடையாது. அது பெரும்பாலும் அட்லாண்டிக் கரையோரத்துச் செடி. அதன் கதிர்களும், அதாவது ஓரத்தில் இதழ்போல் தெரிபவையும், குறைவு, ஏறக்குறைய 15 முதல் 35. நியூ இங்கிலாந்து ஆஸ்டரில் 50-க்கு மேல் சாதாரணமாக இருக்கும்.

கதிர் என்று சொன்னேன், இதழ் என்று சொல்லவில்லை. சூரியகாந்திக் குடும்பத்தில் நாம் ஒரு பூ என்று நினைப்பது பல சிறுமலர்கள் கூடிய ஒரு தலை. ஓரத்து ஊதாக் கதிர் ஒவ்வொன்றும் ஒரு பெண் மலர். நடுவிலுள்ள மஞ்சள் மலர்கள் இருபால் மலர்கள். அந்த மஞ்சள் முதிர முதிரச் செம்பழுப்பாக மாறும். அதைப் பார்த்து வேறு வகை என்று குறித்துவிட வேண்டாம். இளஞ்சிவப்பு, வெள்ளைச் செடிகளும் இதே இனத்தின் நிற வேறுபாடுகள்தான்.

பெயரை வைத்து எல்லை போடுவது இன்னொரு தவறு. அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்தோடு இது நிற்பதில்லை. தென் கனடாவின் ஒன்டாரியோ, கியூபெக் தொடங்கி, ராக்கி மலைகளுக்குக் கிழக்கே அமெரிக்காவின் பெரும்பகுதியிலும் இயல்பாக வளர்கிறது. ஐரோப்பாவில் காணப்படுபவை தோட்டங்களிலிருந்து பரவியவை. அவற்றை இயற்கைப் பரவலில் சேர்க்கக்கூடாது. பிரிட்டனில் செப்டம்பர் கடைசியில் பூக்கும் பல ஆஸ்டர்களுக்கும் பொதுவாக மைக்கேல்மஸ் டெய்சி என்றே பெயர். அந்தப் பெயரை வைத்து இனத்தைச் சொல்ல முடியாது.

அறிவியல் பெயரிலும் கவனம் தேவை. உயிரினங்களுக்கு இருசொல் பெயரிடும் முறையை நிலைநிறுத்திய லின்னேயஸ் 1753-இல் இதை ஆஸ்டர் நோவே-ஆங்லியே என்றார். 1995-இல் கை நெசம் (Guy Nesom) என்ற தாவரவியலாளர் இதை சிம்ஃபியோட்ரைக்கம் பேரினத்துக்கு மாற்றினார். பழைய கையேட்டில் ஒரு பெயர், புதியதில் வேறு பெயர் என்றாலும் செடி ஒன்றுதான். நம் ஊர்ப் பூக்கடையில் ஆஸ்டர் என்று விற்கிறார்களே, அது சீன ஆஸ்டர். அதே குடும்பம் என்றாலும் பேரினமே வேறு.

உயரமும் ஏமாற்றும். ஈரமான புல்வெளியில் ஆள் உயரம் வளரும் செடி, காய்ந்த இடத்தில் முழங்கால் அளவோடு நின்றுவிடும். பூக்கும் நேரத்தில் அடி இலைகள் காய்ந்து தொங்குவதைப் பார்த்து நோய் என்று பிடுங்குகிறார்கள், மனசுக்கு வருத்தமாக இருக்கும். அது இதன் இயல்பு. செப்டம்பரில் புல்லோடு சேர்த்து வெட்டிவிடுவது அதைவிட மோசம். மெக்சிகோவை நோக்கிப் பறக்கும் மொனார்க் பட்டாம்பூச்சிகள் வழியில் தேன் குடிக்க இறங்குவது அப்போதுதான். விதையும் அதற்கு அப்புறம்தான் முற்றி, பஞ்சுத் தூவியோடு காற்றில் கிளம்பும்.