மறைந்தவரைப் பற்றி எழுதும்போது உறவை எழுதுங்கள்

நெருங்கிய ஒருவர் மறைந்த பிறகு அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால், அன்பானவர், பண்பானவர், எல்லோருக்கும் உதவியவர் என்ற சொற்களே முதலில் வந்து நிற்கும். அவற்றில் பொய் எதுவும் இல்லை. ஆயினும் எவருடைய இரங்கல் செய்தியிலும் பொருந்திவிடும் அச்சொற்களுக்குள் நம் அம்மாவையோ அண்ணனையோ அடையாளம் காண முடியாது. ஆகவே குணங்களைத் தொகுப்பதை விட்டு, அவருக்கும் நமக்கும் இடையே நடந்தவற்றை எழுத வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

தொடங்குவதற்கு ஒரு சிறு செயலைத் தேர்ந்தெடுங்கள். உறங்கப் போகுமுன் கதவுத் தாழ்ப்பாளை இரண்டு முறை இழுத்துப் பார்ப்பது, கோபம் வந்தால் பேசாமல் துணிகளை மடிக்கத் தொடங்குவது, நம்மை மட்டும் வேறொரு பெயரால் அழைப்பது போன்ற ஒன்று போதும். அதை அவர் எங்கே, எப்போது, எப்படிச் செய்தார் என்று எழுதிய பின், அப்போது நாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். உறவு கண்ணுக்குப் புலப்படுவது அந்த இரண்டாவது பகுதியில்தான். தமிழில் இதற்கு மிகப் பழைய முன்மாதிரி உண்டு. பறம்புக் குன்றை ஆண்ட தந்தையை இழந்த பாரி மகளிர் பாடிய கையறுநிலைப் பாடல், அதாவது இழப்பை எண்ணி வருந்தும் பாடல், ஐந்தே அடிகளால் ஆனது. அதில் தந்தையின் வீரத்தையோ கொடையையோ போற்றும் ஒரு சொல்லும் இல்லை. அன்றைய நிலவில் தந்தையும் இருந்தார், குன்றும் எங்களிடம் இருந்தது, இன்றைய நிலவில் இரண்டும் இல்லை என்று மட்டுமே அவர்கள் சொல்கிறார்கள்.

எழுதுவது மனத்துக்கு என்ன செய்கிறது என்பதை உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் தம் சக ஆய்வாளருடன் 1986-இல் வெளியிட்ட ஆய்வில் ஆராய்ந்தார். கல்லூரி மாணவர்கள் நாளுக்கு 15 நிமிடம் வீதம் தொடர்ந்து 4 நாட்கள் எழுதினார்கள். தம்மை வருத்திய நிகழ்வின் விவரங்களையும் அதனால் எழுந்த உணர்வுகளையும் ஒருசேர எழுதியவர்கள், எழுதி முடித்தவுடன் முன்பைவிட அதிகத் துயரம் கொண்டிருந்தார்கள். ஆனால் அடுத்த சில மாதங்களில் அவர்கள் மருத்துவ உதவி நாடியது குறைவாக இருந்தது. எனவே எழுதிய அன்று மனம் கனத்தால் தவறாக எழுதிவிட்டோம் என்று எண்ண வேண்டாம். இழப்பு மிகவும் அண்மையில் நிகழ்ந்திருந்து, எழுத எழுத உறக்கமும் அன்றாட வேலைகளும் கெடுமானால், தாளை மூடி வைத்துவிட்டு நம்பிக்கைக்குரியவரிடமோ மனநல ஆலோசகரிடமோ பேசுவதே முறை.

முன்னிலையில், அதாவது மறைந்தவரிடமே பேசுவதுபோல் எழுதுவது பலருக்கு எளிதாக இருக்கிறது. "அப்பா எப்போதும் அப்படித்தான் சொல்வார்" என்பதை "நீங்கள் எப்போதும் அப்படித்தான் சொல்வீர்கள், அப்பா" என்று மாற்றிப் பாருங்கள். சொல்லாமல் விட்டவை தாமே வரத் தொடங்கும். இறந்தவரிடமிருந்து மனத்தை விடுவித்துக்கொள்வதே துயரத்தைக் கடக்கும் வழி என்று 20-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் உளவியலில் நம்பப்பட்டது. டென்னிஸ் கிளாஸ் முதலிய ஆய்வாளர்கள் 1990-களில் அந்த எண்ணத்தை மறுத்து, உறவு வேறு வடிவில் தொடர்வதும் இயல்பே என்று எடுத்துக்காட்டினர்.

பிணக்குகளை என்ன செய்வது என்பதுதான் மிகவும் கடினமான கேள்வி. பேசாமல் இருந்த ஆண்டுகள், கேட்கப்படாத மன்னிப்பு, ஒருவரையே அதிகம் நேசித்த பாரபட்சம் ஆகியவற்றை முற்றிலும் விலக்கினால், எஞ்சுவது சுவரில் மாட்டிய படத்தின் முகம் மட்டுமே. அதற்காக எல்லாவற்றையும் கொட்டிவிடவும் வேண்டியதில்லை. முதல் பிரதியை நமக்காக மட்டும், எதையும் மறைக்காமல் எழுதுங்கள். பிறர் படிக்கும் பிரதியில் எது வேண்டும் என்பதைச் சில வாரங்கள் கழித்து முடிவு செய்யுங்கள். மறைந்தவர் இனி மறுமொழி சொல்ல இயலாதவர் என்பதால், அவர் ஏன் அப்படி நடந்தார் என்று தீர்ப்புச் சொல்வதைவிட, அன்று நாம் கண்டதையும் கேட்டதையும் அப்படியே பதிவது நியாயமானது.

உடன்பிறந்தவர்களிடமும் கேளுங்கள். "அம்மாவைப் பற்றிச் சொல்" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான விடையே கிடைக்கும், "அம்மா உன்னிடம் கடைசியாக எதற்குக் கோபப்பட்டார்?" என்று கேட்டால் ஒரு நிகழ்வு கிடைக்கும். மூத்தவர் கண்ட தாயும் இளையவர் கண்ட தாயும் ஒருவர் அல்லர். இருவர் கூற்றும் முரண்பட்டால் இரண்டையும் அவரவர் பெயரோடு எழுதி வையுங்கள். அவர்களைப் பற்றிய பகுதியைப் பிறருக்குக் காட்டுமுன் அவர்களிடமே படிக்கக் கொடுத்து, அவர்கள் நீக்கச் சொல்லும் உடல்நலச் செய்தி, பண விவகாரம் போன்றவற்றை வாதிடாமல் நீக்கிவிடுங்கள்.