காப்பக வாசலில் குழந்தையிடம் விடைபெறுவது எப்படி

காலை எட்டரை மணிக்கு ஏதேனும் ஒரு குழந்தைக் காப்பகத்தின் வாசலில் நின்று பார்த்தால் இந்தக் காட்சியைக் காணலாம். "அங்க பாரு, காக்கா!" என்று ஆயா குழந்தையின் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்புவார், அந்த நொடியில் அம்மா ஓசையில்லாமல் படியிறங்கிவிடுவார். அழுகையைப் பார்க்காமல் கிளம்பிவிட்ட நிம்மதி பெரியவர்களுக்குக் கிடைக்கிறது. குழந்தை கற்றுக்கொள்வதோ வேறு: கண்ணை எடுத்தால் அம்மா காணாமல் போய்விடுவார். மறுநாள் வாசலிலேயே கழுத்தைக் கட்டிக்கொண்டு இறங்க மறுப்பதற்கும், வீட்டில் நீங்கள் குளிக்கப் போனால்கூடக் கதவைத் தட்டி அழுவதற்கும் பல நேரங்களில் இந்த நழுவலே காரணமாகிறது. ஆகவே குழந்தை எவ்வளவு அழுதாலும் அதன் கண்ணெதிரே, சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். மற்ற எல்லா வழிமுறைகளும் இதற்குப் பின்னால்தான் வருகின்றன.

பிரிவுக்கு அழுவது வளர்ச்சியின் ஓர் அங்கம் என்பதைப் பெற்றோர் முதலில் நம்ப வேண்டும். கண்ணுக்கு மறைந்த பொருள் இல்லாமல் போய்விடவில்லை என்பதை முதல் ஆண்டின் பிற்பகுதியில்தான் குழந்தை மெல்லப் புரிந்துகொள்கிறது. அம்மா எங்கோ இருக்கிறார் என்று அதற்குத் தெரியத் தொடங்குகிறது. எப்போது வருவார் என்று கணக்கிடத்தான் தெரியவில்லை. ஏறத்தாழ எட்டாவது மாதத்தில் தலைகாட்டும் இந்தப் பயம் பெரும்பாலான குழந்தைகளுக்குப் பத்து முதல் பதினெட்டு மாதங்களுக்குள் உச்சத்தை எட்டி, மூன்று வயதை ஒட்டித் தணிகிறது. இதை அறியாததால் வரும் ஒரு குழப்பத்தைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். மகப்பேறு நலச் சட்டத்தின் 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 26 வாரமாக நீட்டிக்கப்பட்ட மகப்பேறு விடுப்பு முடிந்து, ஐந்தாறு மாதக் குழந்தையைக் காப்பகத்தில் விடும்போது, அது சிரித்துக்கொண்டே ஆயாவிடம் தாவுகிறது. மூன்று மாதம் கழித்து அதே குழந்தை அதே ஆயாவைக் கண்டு அலறும்போது, அங்கே ஏதோ தவறு நடந்துவிட்டது என்று பெற்றோர் பதறுகிறார்கள். விசாரிப்பது நல்லதுதான், ஆனால் பெரும்பாலும் அங்கே எதுவும் மாறியிருக்காது, குழந்தையின் அறிவுதான் ஒரு படி ஏறியிருக்கும்.

பழக்கப்படுத்துவதற்கு நாள் ஒதுக்காமல் முதல் நாளே முழுநாள் விட்டுச் செல்வது நம்மிடையே வெகு சாதாரணம். ஜெர்மனியின் காப்பகங்களில் பரவலாகப் பின்பற்றப்படும் பெர்லின் முறை இதற்கு நேர்மாறானது. முதல் மூன்று நாள்கள் பெற்றோரில் ஒருவர் குழந்தையோடு ஏறத்தாழ ஒரு மணி நேரம் அறையிலேயே உட்கார்ந்திருந்து, பிறகு இருவரும் சேர்ந்தே வீடு திரும்புவார்கள். நான்காம் நாள்தான் பெற்றோர் முதன்முறையாக விடைபெற்று வெளியே போவார். பராமரிப்பவர் தேற்றினால் குழந்தை அமைதியாகிறதா என்று பார்த்து, ஆகாவிட்டால் இரண்டு மூன்று நிமிடங்களில் திரும்பிவிடுவார். அந்த நான்காம் நாள் திங்கட்கிழமையாக அமையக் கூடாது என்றுகூட அங்கே கவனிக்கிறார்கள், ஏனென்றால் இரண்டு நாள் வீட்டிலிருந்த குழந்தைக்கு அந்த இடம் மீண்டும் புதிதாகிவிடுகிறது. நம் ஊர்க் காப்பகங்கள் பல பெற்றோரை உள்ளே உட்கார விடுவதில்லை. சேர்க்கும் முன்பே இதைக் கேட்டுவிடுங்கள். முதல் சில நாள்களாவது அரை மணி நேரம் உடனிருக்க அனுமதிக்காத இடத்தைவிட அனுமதிக்கும் இடத்தையே நான் தேர்ந்தெடுப்பேன். வேலைக்குத் திரும்பும் நாளுக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே சேர்த்து, ஒரு மணி நேரம், பிறகு மதியச் சாப்பாடு வரை, பிறகு தூங்கி எழும் வரை என்று நேரத்தைக் கூட்டிக்கொண்டே போவது குழந்தைக்கும் உங்களுக்கும் நல்லது.

வீட்டிலும் பயிற்சி தரலாம். முந்தானையால் முகத்தை மூடி "அம்மா எங்கே?" என்று கேட்டு "இதோ!" என்று விலக்கும் விளையாட்டு, மறைந்தவர் திரும்பி வருவார் என்பதைக் குழந்தைக்குப் பாடமாக்குகிறது. பாட்டியிடமோ பக்கத்து வீட்டு அக்காவிடமோ பத்து நிமிடம் விட்டு, சொல்லிவிட்டுப் போய், சொன்னபடி வந்து நிற்பது அடுத்த படி. தூளி கட்டிய பழைய பருத்திப் புடவையிலிருந்து ஒரு துண்டை வெட்டிக் காப்பகப் பையில் வையுங்கள். வீட்டின் வாசனை ஏறிய துணி பல குழந்தைகளுக்குப் புது பொம்மையைவிடப் பெரிய ஆறுதல். ஆனால் ஒரு வயது நிறையாத குழந்தை தூங்கும் இடத்தில் துணி எதுவும் தளர்வாகக் கிடக்கக் கூடாது என்பதை ஆயாவிடம் மறக்காமல் சொல்லிவிட வேண்டும்.

இனி, விடைபெறும் அந்த இரண்டு நிமிடங்கள். குழந்தையைத் தரையில் இறக்கிவிட்டு ஓடாமல், தினமும் பார்த்துக்கொள்ளும் அதே ஆயாவின் கையில் நேரடியாகக் கொடுங்கள். ஒரு முத்தம், பிறகு தினமும் மாறாத ஒரே வாக்கியம். "நீ சாப்பிட்டு, தூங்கி எழுந்து, பால் குடிச்சதும் அம்மா வந்துடுவேன். போயிட்டு வரேன்" என்று சொன்னால் போதும். "அஞ்சு மணிக்கு வரேன்" என்பது இரண்டு வயதுக் குழந்தைக்கு ஒன்றும் உணர்த்தாது. சாப்பாடும் தூக்கமும் பாலும்தான் அதன் கடிகாரம். "போறேன்" என்று ஒருவர் கிளம்பினால் "போயிட்டு வரேன்னு சொல்லு" என்று திருத்தும் பெரியவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். திரும்பி வருவதையும் சேர்த்தே சொல்லும் அந்த வழக்கம் குழந்தைக்குத் தேவையான வாக்குறுதியை அப்படியே தருகிறது. சொன்ன பிறகு நின்று நின்று திரும்பிப் பார்க்காதீர்கள். அழுகை வலுத்ததும் மறுபடி வந்து தூக்கிக்கொண்டால், இன்னும் கொஞ்சம் அழுதால் அம்மா போகமாட்டார் என்று குழந்தை எடுத்துக்கொள்ளும். உங்கள் கண் கலங்கினால் தெருமுனை வரை பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் அந்த இடம் பத்திரமானதா என்று அது முடிவு செய்கிறது.

"கடைக்குப் போயிட்டு இப்ப வந்துடறேன்" என்பது பொய். நாள் முழுவதும் குழந்தை வாசலைப் பார்த்திருக்கும். "அழுதா பூச்சாண்டி பிடிச்சுக்கும்", "அழுதா அம்மா வரவே மாட்டேன்" என்ற மிரட்டல்கள் பொய்யைவிடக் கொடியவை, ஏனென்றால் குழந்தை எதற்குப் பயந்து அழுகிறதோ அதையே அவை உண்மையாக்கிக் காட்டுகின்றன. "அச்சச்சோ, இவ்வளவு பெரிய பையன் அழலாமா" என்று கேலி செய்யும் பெரியவர்களையும் மரியாதையோடு தடுத்துவிடுங்கள். "அம்மா போறது உனக்குக் கஷ்டமா இருக்கு, எனக்குத் தெரியுது" என்று அழுகையை ஒப்புக்கொள்வதே சரியான பதில்.

நீங்கள் கிளம்பிய பிறகு எவ்வளவு நேரம் அழுதது என்று ஆயாவிடம் தினமும் கேளுங்கள். பெரும்பாலான குழந்தைகள் சிறிது நேரத்திலேயே விளையாட்டில் கலந்துவிடுவார்கள். நடுப்பகலில் வீடியோ அழைப்பில் முகம் காட்டுவதை நான் ஆதரிக்கவில்லை. அடங்கிய துயரத்தை அது மீண்டும் கிளப்பிவிடும். 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்கள் காப்பக வசதி தர வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை அங்கே சென்று வரலாம் என்று அதே 2017 திருத்தம் வகை செய்தது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு இது பெரும் வரம். இரண்டு வயதுக் குழந்தைக்கோ ஒவ்வொரு வருகையும் இன்னொரு பிரிவாக முடியலாம் என்பதால் அதன் போக்கைப் பார்த்து முடிவெடுங்கள்.

அம்மாவிடம் அழும் குழந்தை அப்பாவோ தாத்தாவோ கொண்டுபோய் விட்டால் அழாமல் போவதுண்டு. அப்படியானால் சில வாரம் அவரே விட்டு வரட்டும். பொங்கல் விடுமுறைக்குப் பின்னும், காய்ச்சலில் வீட்டிலிருந்து தேறிய பின்னும், தம்பி தங்கை பிறந்த பின்னும் அழுகை திரும்பும். புதிதாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. அதே வாக்கியம், அதே முத்தம், அதே கை.

பிரிவின் பயம் நான்கு வாரத்துக்கு மேலும் குறையாமல் நீடித்து, சாப்பாட்டையும் தூக்கத்தையும் கெடுத்தால் குழந்தை மருத்துவரிடம் பேசுங்கள். நன்றாகப் போய்க்கொண்டிருந்த குழந்தை திடீரென்று குறிப்பிட்ட ஒருவரைக் கண்டு மட்டும் ஒடுங்கினாலோ, உடலில் விளக்கமில்லாத காயம் தெரிந்தாலோ, அதைப் பிரிவுப் பயம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. அன்றே காப்பகத்தில் கேளுங்கள்; பதில் திருப்தியளிக்கும் வரை அனுப்பாதீர்கள்.

மாலையில் சொன்ன நேரத்துக்கு வந்துவிடுங்கள். பால் குடித்து முடித்த குழந்தை உங்கள் வாக்கியத்தை நினைவில் வைத்திருக்கும். நாள் முழுவதும் சமர்த்தாக இருந்தது என்று ஆயா சொல்லிக்கொண்டிருக்கும்போதே உங்களைக் கண்டதும் அது வீறிட்டு அழுதால் வருந்த வேண்டாம். அடக்கி வைத்திருந்ததை அது உங்களிடம்தான் கொட்ட முடியும். கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டு, வீட்டுக்குப் போனதும் அடுப்படிக்குள் நுழையாமல், முதல் அரை மணி நேரம் அதை மடியில் வைத்துக்கொண்டிருங்கள்.